தாத்தாவோட ஊர் எது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, நாங்க கோத்தகிரி பக்கம் டேன்டீ (அரசு தேயிலைத் தோட்டக் கழகம்) குடியிருப்புல இருக்கோம். தாத்தா 1970கள்ல இலங்கையில பதுளைப் பக்கத்துத் தோட்டத்துலேர்ந்து வந்தவர், இப்ப இல்ல. "நம்மூரு துறையூர் பக்கம்"னு மட்டும் சொல்லுவாராம், அப்பாவுக்கு அதுக்கு மேல எதுவும் தெரியல. நான் நர்ஸா இருக்கேன், ஊர் ஊரா அலையறதுக்கு லீவு கிடைக்காது. இங்க இருந்துக்கிட்டே அந்த ஊரைக் கண்டுபிடிக்க வழி இருக்கா?

பதில்: இருக்கு தங்கச்சி, பாதி வேலைக்கு மேல உங்க லைன் வீட்டுலயே உக்காந்து முடிச்சிடலாம். முதல்ல அந்தப் பழைய டிரங்குப் பெட்டியத் தொறங்க. சிலோன்லேர்ந்து வந்த எல்லா வீட்டுலயும் ஃபேமிலி கார்டு, கண்டியில இருந்த இந்திய உதவி ஹைகமிஷன் குடுத்த பாஸ்போர்ட், தோட்டத்துப் பிறப்புச் சான்றிதழ்னு ஏதாவது ஒண்ணு இருக்கும், எலி கடிச்சிருந்தாலும் பரவாயில்ல, ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, பின்பக்கம் இருக்கற சீல், கையெழுத்து, பென்சில்ல கிறுக்கின நம்பர் எதையும் விட்டுடாதீங்க. பாஸ்போர்ட்ல பொறந்த இடம்னு தோட்டத்துப் பேர் இருக்கும், உங்களுக்கு இப்ப வேண்டியது அதுதான்.

ஏன்னா தோட்டத்துக்கு ஆள் சேத்து வேலை வாங்கின கங்காணிமார் ஆள் பிடிச்சது பெரும்பாலும் அவங்கவங்க சொந்த ஊர்ல, சொந்தக்காரங்க நடுவுல. ஒரு கங்காணிக்குக் கீழ இருந்த லயத்துல பக்கத்துப் பக்கத்து வீடுகள் ஒரே ஊராவோ நாலு மைலுக்குள்ள இருக்கற ஊர்களாவோதான் இருந்திருக்கும். அதனால தாத்தாவ மட்டும் தேடாதீங்க, "முத்துவோட மகன் ராமசாமி"ன்னு தேடினா ஆயிரம் பேர் வருவாங்க. தாத்தாகூட பிரட்டுக்களத்துல, அதான் காலையில வேலைக்குப் பேர் குடுக்கற இடத்துல, நின்ன குடும்பங்களத் தேடுங்க. 1964 சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்துல 5,25,000 பேர இந்தியா எடுத்துக்கறதா முடிவாச்சு, தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம், அங்கேர்ந்து மண்டபம் முகாம், அப்புறம் 1968ல ஆரம்பிச்ச அரசு தேயிலைத் திட்டத்துக்குன்னு எத்தனையோ குடும்பம் நம்ம மலைக்கு வந்து சேந்துச்சு. அதே பதுளைத் தோட்டத்து ஆளுங்க குன்னூர்லயோ பந்தலூர்லயோ சேரம்பாடியிலயோ இருக்கலாம். எண்பது வயசு தாண்டின பாட்டிமார் கிட்ட "உங்க பெரிய கங்காணி யாரு, அவருக்கு எந்த ஊரு"ன்னு கேளுங்க, போன்லயே கேளுங்க, ரெக்கார்ட் பண்ணிக்கோங்க. இத மட்டும் அடுத்த மாசம்னு தள்ளிப் போடாதீங்க.

துறையூர் பக்கம்ங்கறத அப்படியே எடுத்துக்க வேண்டாம். கண்டிச்சீமையில யாராவது ஊர் கேட்டா குக்கிராமத்துப் பேரச் சொன்னா யாருக்குத் தெரியும்னு பக்கத்து டவுன் பேரத்தான் சொல்லியிருப்பாங்க. அந்தக் காலத்துல துறையூர், முசிறி தாலுகாவுக்குள்ள, திருச்சிராப்பள்ளி ஜில்லாவுல இருந்துச்சு. பெரம்பலூர் தனி மாவட்டமா பிரிஞ்சதே 1995லதான், அதனால இன்னைக்குப் பெரம்பலூர்ல இருக்கற ஊர்கூட தாத்தாவோட ஊரா இருக்கலாம்.

இதுக்கு அடுத்தது குலதெய்வம். சிறுவாச்சூர் மதுரகாளின்னு பெரிய கோயிலச் சொன்னா அது பல ஊருக்குப் பொது, திங்களும் வெள்ளியும் மட்டும் நடை தொறக்கற கோயில், கூட்டத்துல ஒண்ணும் பிடிபடாது. அதுகூட வீட்டுல கும்பிடற சின்ன சாமி, கருப்பனோ வீரனோ யாருன்னு அப்பாவையும் அத்தைமாரையும் கேளுங்க. சின்ன சாமியோட கோயில் ஒரு ஊர்லதான் இருக்கும், அங்க தலைக்கட்டு வரி நோட்டுன்னு ஒண்ணு பூசாரி வீட்டுலயோ நாட்டாமை வீட்டுலயோ இருக்கும், வரி குடுத்த ஒவ்வொரு வீட்டுத் தலைவர் பேரும் அதுல வரும். வெளியூர் போன பங்காளிக்கும் சில ஊர்ல வரி போட்டிருப்பாங்க. பூசாரிக்கு வாட்ஸ்அப்ல மரியாதையா ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பி, திருவிழா நேரம் இல்லாம பாத்து, அந்தப் பக்கத்த போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க.

மொய் நோட்டையும் மறந்துடாதீங்க, எனக்குத் தெரிஞ்சு இதவிட நம்பகமான காயிதம் ஏழை வீட்டுல வேற கிடையாது. மொய் எழுதறவர் ஊர் பேர முதல்ல போட்டுட்டுத்தான் ஆள் பேரும் தொகையும் எழுதுவாரு, திருப்பிச் செய்யணும்ல, அதுல யாரும் பொய் சொல்ல மாட்டாங்க. உங்க அப்பா கல்யாணத்துல சமவெளியிலேர்ந்து வந்து அஞ்சு ரூபா பத்து ரூபா எழுதின ஆளுங்க யாரு, எந்த ஊருன்னு பாருங்க. அதுல ஒரே ஊர் திரும்பத் திரும்ப வந்தா அங்க ஒருத்தர் நம்பர வாங்குங்க.

கடைசியா இலங்கைப் பக்கம். பிற்காலத்து இலங்கைப் பிறப்புச் சான்றிதழ்ல தகப்பன் பொறந்த இடத்துக்கு ஒரு கட்டமும், பாட்டன் இலங்கையில பொறந்திருந்தா அவர் பேர், வருஷம், இடம் எழுத இன்னொரு கட்டமும் உண்டு. குடியுரிமைய முடிவு பண்றதுக்காகப் போட்ட கட்டம் அது, 1948 சட்டம் நம்ம ஜனங்கள நாடில்லாதவங்களா ஆக்கின கதை அந்தச் சின்னக் கட்டத்துலயே இருக்கு. அதுல வெறும் கோடு போட்டிருந்தா பாட்டன் இந்தியாவுல பொறந்தவரா இருக்கலாம், ஆனா காட்டறதுக்கு காயிதம் இல்லாததாலயும் கோடு போட்டிருக்கலாம், அதனால அத ஒரு தடயமா மட்டும் வச்சுக்கோங்க. இங்க வந்து மூணு தலைமுறை ஆகியும் சிலோன்காரங்கன்னுதான் கூப்பிடறாங்க, பிள்ளைக்கு சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனா பூர்வீகத்துக்கு ஆதாரம் எங்கன்னு திருப்பி அனுப்பறாங்க. அந்த ஊரோட பேர் உங்க கையில இருக்கணும்மா, அது உங்களுக்குச் சேர வேண்டியது.

கேள்வி: நான் குன்னூர் பக்கம் வெலிங்டன்ல இருக்கேன், பூர்வீகம் வேலூர்ப் பக்கம். கொள்ளுத்தாத்தாவோட அண்ணன் தென்னாப்பிரிக்கா கரும்புத் தோட்டத்துக்குப் போய் திரும்பவே இல்லைன்னு சொல்லுவாங்க. ஏதாவது பதிவு இருக்குமா?

பதில்: சிலோன் போனவங்களவிட இவங்களுக்குப் பதிவு நல்லா இருக்குண்ணே. 1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலேர்ந்து போன ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகம் சேந்துச்சு, அதுலேர்ந்து 1911 வரைக்கும் டர்பன் இருக்கற நேட்டால் பகுதிக்குப் போன 1,52,184 பேருக்கும் ஆளுக்கொரு நம்பர் உண்டு. கப்பல் பட்டியல்ல பேர், தகப்பன் பேர், வயசு, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உசரம், உடம்புல இருக்கற மச்சம் தழும்பு வரைக்கும் எழுதியிருப்பாங்க. மூலப் பதிவு டர்பன் ஆவணக் காப்பகத்துல இருக்கு, கணினியில ஏத்தின பட்டியல் இணையத்துலயே கிடைக்குது. உங்க ஜில்லாவ வேலூர்னு தேடாதீங்க, வட ஆற்காடுன்னு தேடுங்க. பேர் எழுத்தும் இன்னைக்கு மாதிரி இருக்காது, முத்துங்கறத நாம எம் யு போட்டு ஆரம்பிப்போம், அந்தக் கிளார்க் எம் ஓ ஓ போட்டிருப்பாரு, அதனால பேர விட்டுட்டு ஊரப் போட்டுத் தேடி அந்த ஊர்லேர்ந்து ஒரே கப்பல்ல ஏறினவங்க எல்லாரையும் வரிசையாப் பாருங்க. பேர் ஒத்துப்போச்சுன்னு உடனே சந்தோஷப்பட்டுடாதீங்க, தகப்பன் பேரும் ஊரும் சேந்து வரணும், வயசு மட்டும் அஞ்சாறு வருஷம் முன்னப்பின்ன இருந்தா விட்டுடலாம், அந்தக் காலத்துல வயசுங்கறது பார்வைக்குத் தோணினதுதான்.

கேள்வி: லண்டன்ல இருக்கோம். எங்க கொள்ளுத்தாத்தா கேத்தியில ஞானஸ்நானம் வாங்கினவர், அருவங்காடு கார்டைட் ஃபேக்டரியில வேலை பாத்தவர்னு அம்மா சொல்றாங்க. பிரிட்டிஷ் லைப்ரரியில தேடினா எதுவும் வரல.

பதில்: அங்க வராதும்மா. மதராஸ் மாகாணத்து சர்ச்சுகள்லேர்ந்து வருஷா வருஷம் லண்டனுக்குப் போன ஞானஸ்நான, கல்யாண, அடக்கப் பதிவுகள்ல பெரும்பாலும் வெள்ளைக்காரங்களும் ஆங்கிலோ இந்தியங்களும்தான் இருப்பாங்க, 1831ல தொறந்த ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச்சுப் பதிவும் அதுல சேரும். கேத்தியில 1846லேர்ந்து வேலை செஞ்சது பாசல் மிஷன்ங்கற கிறிஸ்தவ ஊழிய அமைப்பு, அவங்க கடிதங்களும் போட்டோக்களும் ஸ்விட்சர்லாந்து பாசல் நகரத்து ஆவணக் காப்பகத்துல இருக்கு, போட்டோ பெரும்பாலும் ஆன்லைன்லயே பாக்கலாம். ஆனா ஞானஸ்நானப் புத்தகத்துக்கு கேத்தி சபையத்தான் கேக்கணும். ஆயருக்கு எழுதும்போது "எங்க முன்னோர் விவரம் தாங்க"ன்னு பொத்தாம்பொதுவா எழுதாம, பேர், மனைவி பேர், ஒரு பத்து வருஷத்துக்குள்ள அடங்கற காலம்னு குறிச்சு, ஒரே ஒரு பதிவக் கேளுங்க, அவங்க வேலைக்கு நடுவுல புத்தகத்தப் பெரட்டிப் பாக்கணும். ஞானஸ்நானத்துக்கு முந்தின பேரும் தகப்பன் பேரும் எழுதியிருக்கான்னு கட்டாயம் கேளுங்க, அது கிடைச்சா இன்னும் ஒரு தலைமுறை பின்னாடி போயிடலாம்.

கேள்வி: கூடலூர்ல எங்க பாட்டன் காலத்துக்கு முந்தின நிலப் பதிவு ஊட்டியில இல்லைங்கறாங்க, எங்க போறது?

பதில்: தென்கிழக்கு வயநாடுன்னு சொன்ன கூடலூர்ப் பகுதி 1877 வரைக்கும் மலபார் ஜில்லா, அதுக்கு முந்தினதுக்கு கோழிக்கோடு மண்டல ஆவணக் காப்பகத்தக் கேளுங்க. நிலம் நிலம்பூர் கோவிலகத்து (ராஜ குடும்பம்) ஜன்மமா, அதாவது அவங்க பரம்பரைச் சொத்தா, இருந்திருந்தா குத்தகைச் சீட்டு மலையாளத்துல இருக்கும், படிக்கத் தெரிஞ்ச ஒருத்தரக் கூட்டிட்டுப் போங்க. 1969 ஜன்ம ஒழிப்புச் சட்டத்துக்கப்புறம் நடந்த செட்டில்மென்ட் காயிதம் வீட்டுல ஏதாவது இருந்தா அதுல இருக்கற சர்வே நம்பரயும் எழுதிட்டுப் போங்க, அந்த நம்பர் இருந்தா தேடறவங்களுக்கு வேலை சுலபம்.