கேளுங்கள், சொல்கிறேன்: வலைப்பந்தில் பிழைக்கலாமா?

கேள்வி: மகள் வலைப்பந்தாட்டத்தில் மாகாண மட்டம் வரை போனவள். உயர்தரப் பரீட்சை வருகிறது, அவளோ பந்தும் கையுமாகத் திரிகிறாள். இதை நம்பி உழைத்துச் சாப்பிட முடியுமா? - ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: அவுஸ்திரேலியாவிலோ நியூசிலாந்திலோ பிறந்திருந்தால் முடியும் என்றிருப்பேன். அங்கே கழகங்கள் ஒப்பந்தம் போட்டுச் சம்பளம் கொடுக்கின்றன. இங்கே கதை வேறு. வங்கிகளும் முப்படைகளும் நன்றாக ஆடும் பிள்ளைகளை வேலைக்கு எடுத்துத் தங்கள் அணியில் சேர்த்துக்கொள்ளும். நானும் அப்படித்தான் ஒரு வங்கிக்குள் போனேன். பகலில் கவுண்டரில் காசு எண்ணுவேன், பின்னேரம் சப்பாத்தை மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு ஓடுவேன். சம்பளம் கவுண்டருக்குத்தான். முழங்கால் போன பிறகும் அந்தக் கதிரை இருந்தது.

யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் 2019 உலகக் கிண்ணத்தில் அதிக கோல் போட்டவர், அவுஸ்திரேலியக் கழகங்களுக்கும் ஆடியவர். அந்த இடத்துக்குப் போகிறவர் ஆயிரத்தில் ஒருவர். ஆகவே அம்மா, பந்தைப் பறிக்காதீர்கள், உயர்தரத்தையும் விடவிடாதீர்கள். நேர்முகப் பரீட்சையில் பெறுபேற்றைத்தான் முதலில் கேட்பார்கள்.

கேள்வி: அக்கா, என் உயரம் ஐந்தடி இரண்டு. தேசிய அணியெல்லாம் கனவுதானா? - மாணவி, அக்கரைப்பற்று

பதில்: வளையம் பத்தடி உயரத்தில் இருப்பதால் எல்லாருக்கும் இந்தப் பயம். ஆனால் ஏழு பேரில் கோல் போடலாம் என்று விதி அனுமதிப்பது இரண்டு பேரைத்தான். சென்டர், விங் அட்டாக் என்ற இடங்களில் ஆடுகிறவர்கள் வளையத்தடியில் கோடு போட்ட அரைவட்டத்துக்குள் கால் வைக்காமல் விளிம்பிலிருந்து உள்ளே பந்தைக் கொடுக்க வேண்டும். பந்து உங்கள் கையில் இருக்கக்கூடியது மூன்று விநாடி, தடுப்பவள் மூன்றடிக்கு அப்பால் கையை நீட்டிக்கொண்டு நிற்பாள். அந்த நேரத்துக்குள் பார்த்துக் கொடுக்கத் தெரிந்தவளுக்கு உயரம் பெரிதில்லை.

எனக்குக் கவலை உங்கள் கால்தான். நம் கரையோரப் பள்ளிக்கூடங்களில் மணலில் ஆடிப் பழகுகிறோம். குதித்து இறங்கும்போது கால் சறுக்குவதை மணல் மறைத்துவிடும், நடுவரும் பேசாமல் விட்டுவிடுவார். கொழும்பில் உள்ளரங்கத் தரையில் நின்றால் விசில்தான்! முதலில் ஊன்றிய காலைத் தூக்கலாம், அது திரும்ப நிலத்தில் படுமுன் பந்து கையை விட்டுப் போய்விட வேண்டும். பள்ளி மண்டபத்துச் சீமெந்துத் தரையில் தினமும் கொஞ்ச நேரம் இதை மட்டும் பழகுங்கள். நல்ல சப்பாத்து கட்டாயம், வெறுங்காலோடு வேண்டாம்.

கேள்வி: கலியாணத்துக்குப் பிறகும் ஆடலாமா? - ஆரையம்பதி வாசகி

பதில்: ஏன் ஆடக்கூடாது? மட்டக்களப்பில் மாப்பிள்ளைதானே பெண் வீட்டுக்கு வருகிறார். பிள்ளையைப் பார்க்க அம்மா பக்கத்திலேயே இருப்பா. வேறு பல ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்த வசதி இல்லை. பயிற்சி நேரத்தை மட்டும் நிச்சயத்துக்கு முன்பே மாப்பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்.