பாட்டியிடம் ஏன் மறைக்கிறீர்கள்?

வாசகர் கேள்வி: நாங்கள் அமெரிக்காவில், மிச்சிகனில் இருக்கிறோம். என் ஒரே மகனுக்கு 16 வயது. ஒன்றரை வருடமாகச் சனிக்கிழமை மாலைகளில் நான்கு நண்பர்களை அழைத்துவந்து எங்கள் பேஸ்மென்டில் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற, பகடை உருட்டிக் கதை நடத்தும் விளையாட்டை விளையாடுகிறான். படிப்பில் குறை இல்லை. ஆனால் ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ சீரியலின் நான்காவது சீசனில் முதல் எபிசோடில், இந்த விளையாட்டுக் குழுவின் தலைவன் வீட்டில் ஒரு பெண் செத்துப்போவதைப் பார்த்ததும் பயந்து டிவியை நிறுத்திவிட்டேன். அப்புறம் டாம் ஹாங்க்ஸ் நடித்த பழைய டிவி படம் ஒன்றைப் பார்த்தேன். அதில் இதே மாதிரி விளையாட்டால் ஒரு மாணவனுக்குப் புத்தியே பேதலித்துப் போகிறது. அதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. என் கணவரோ ‘பிக் பேங் தியரி’ காமெடி சீரியலைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “நம்ம பையனுக்கும் பொண்ணு கிடைக்காது” என்கிறார். திருச்சியிலிருந்து என் மாமியார் போன் செய்தால், எஸ்ஏடி (கல்லூரியில் சேர எழுதும் தேர்வு) கிளாஸ் போயிருக்கிறான் என்று சொல்லிவிடுவேன். அவனும் அப்படியே சொல்லப் பழகிவிட்டான். இந்த விளையாட்டை நிறுத்திவிடலாமா?

பதில்:

எஸ்ஏடி கிளாஸ் என்று ஏன் சொல்கிறீர்கள், சகோதரி?

கடிதம் முழுக்கப் பயத்தைப் பற்றி எழுதிவிட்டு, கடைசியில் போகிற போக்கில் இந்த ஒரு வரியைப் போட்டிருக்கிறீர்கள். நான் அதிலேயே நின்றுவிட்டேன். பிள்ளையின் மனசு கெட்டுப்போகிறது என்று நிஜமாகவே பயப்படுகிறவள் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லி யோசனை கேட்பாள். நீங்கள் மறைக்கிறீர்கள். பயந்தவர்கள் செய்கிற காரியமா இது? வெட்கப்படுகிறவர்கள்தான் மறைப்பார்கள். இப்படி வரும் கடிதங்களில் பெரும்பாலும் பயத்துக்கு அடியில் வெட்கம்தான் இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு இரண்டுமே டிவி வழியாக வந்திருக்கின்றன.

முதலில் பயம். கேரி கைகேக்ஸும் டேவ் ஆர்னசனும் சேர்ந்து உருவாக்கிய இந்த விளையாட்டு 1974இல் வெளிவந்தது. 1979 ஆகஸ்டில், நீங்கள் இருக்கும் அதே மாநிலத்தில், மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மாணவன் காணாமல் போனான். அவனுக்கும் 16 வயதுதான். அபாரமான மூளை, அதனால் அவ்வளவு சின்ன வயதிலேயே கல்லூரி. குடும்பம் அமர்த்திய தனியார் துப்பறிவாளர், வளாகத்துக்கு அடியில் நீராவிக் குழாய்கள் ஓடும் சுரங்கங்களில் இந்த விளையாட்டை ஆடப்போய்த் தொலைந்திருக்கலாம் என்று ஊகித்தார். பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டன. சுமார் ஒரு மாதம் கழித்து அவன் லூசியானாவில் கிடைத்தான். அந்தச் சுரங்கத்துக்குள் அவன் போனது உயிரை விடும் எண்ணத்தோடு. மனச்சோர்வு, தனிமை, படிப்பின் அழுத்தம், போதைப் பழக்கம் என்று அவனுக்கு எத்தனையோ பிரச்சினைகள். அந்தத் துப்பறிவாளரே 1984இல் எழுதிய புத்தகத்தில், விளையாட்டு காரணமில்லை என்பதை விவரமாகச் சொன்னார். அதற்குள் அந்தப் பையன் உலகத்தில் இல்லை.

பத்திரிகைகள் கிளப்பிய இந்தக் கதையிலிருந்து 1981இல் ஒரு நாவல் வந்தது. அதைத்தான் சிபிஎஸ் சேனல் 1982 டிசம்பரில் டிவி படமாக ஒளிபரப்பியது. உங்கள் தூக்கத்தைக் கெடுத்த படம் அது. டாம் ஹாங்க்ஸ் நியூயார்க் இரட்டைக் கோபுரத்தின் உச்சியில் போய் நிற்கிறாரே, அப்படி எதுவும் நடக்கவே இல்லை. நிஜத்தில் நடந்தது, பதினாறு வயதுப் பிள்ளை ஒன்று படிப்பில் எல்லாரும் மெச்ச வளர்ந்துகொண்டே உள்ளுக்குள் தனியாகச் செத்துக்கொண்டிருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. அதைப் படமாக எடுக்கவும் யாருக்கும் தோன்றவில்லை. பெரியவர்கள் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியைப் பகடையின் தலையில் கட்டிவிட்டார்கள்.

இதே சிபிஎஸ் 1983 முதல் 1985 வரை இதே விளையாட்டின் பெயரில் குழந்தைகளுக்குக் கார்ட்டூன் போட்டது. 1985இல் ‘60 மினிட்ஸ்’ நிகழ்ச்சியில், மகனைப் பறிகொடுத்து இந்த விளையாட்டுக்கு எதிராக அமைப்பு தொடங்கிய ஒரு தாயையும் கைகேக்ஸையும் பேசவைத்து, இது பிள்ளைகளைக் கொல்கிறதா என்று கேட்டது. 2007இல் அதே சேனல்தான் ‘பிக் பேங் தியரி’யைத் தொடங்கி, இந்த மாதிரி ஆட்களைப் பார்த்து நாட்டையே சிரிக்கவைத்தது. பைத்தியம், பலியாடு, கோமாளி. நிறுவனத்துக்கு அந்தந்தக் காலத்தில் எது விலைபோனதோ அதை விற்றார்கள். நீங்கள் முதல் சரக்கை வாங்கிக்கொண்டீர்கள், உங்கள் கணவர் கடைசிச் சரக்கை வாங்கிக்கொண்டார்.

அவரிடம் ஒன்று கேளுங்கள்: அந்த சீரியலையாவது ஒழுங்காகப் பார்த்தாரா? அதில் பெண் கிடைக்காமல் போவதாகக் கேலி செய்யப்பட்ட ஹோவர்ட் கல்யாணம் செய்து குழந்தைகளோடு இருக்கிறான், ஷெல்டன் மனைவியோடு நோபல் பரிசு வாங்குகிறான். 2013இல் வந்த ஒரு எபிசோடில் பெண்களும் மேஜையில் உட்கார்ந்து ஆட, ஹோவர்ட் குரல் மாற்றிப் பேசிப் பேசிக் கதையை நடத்துகிறான், அவர்களும் ரசித்து ஆடுகிறார்கள். ஒரு தகப்பன் பெற்ற பிள்ளையைப் பற்றி “பொண்ணு கிடைக்காது” என்று சொல்லிச் சிரிப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அந்தப் பேச்சு பேஸ்மென்ட் வரை கேட்கும்.

‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ஸை முதல் எபிசோடோடு நிறுத்தியது பெரிய தப்பு. அந்தப் பெண்ணைக் கொன்றது விளையாட்டுக் குழுத் தலைவன் எடி இல்லை. 1986இல் நடப்பதாக வரும் கதை அது. அவன் விளையாட்டுக் குழுவைப் பேய் வழிபாட்டுக் கூட்டம் என்று நம்பி, ஊரே அவனைத் துரத்துகிறது. கடைசியில் அவன் நண்பனையும் அந்த ஊரையும் காப்பாற்ற உயிரைக் கொடுக்கிறான். அதற்குப் பிறகும் ஊர் அவனைக் கொலைகாரன் என்றே நினைக்கிறது. நீங்கள் நிறுத்திய இடத்தில் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்தது எவ்வளவோ, அவ்வளவுதான் உங்களுக்கும் தெரியும். அதை வைத்துக்கொண்டு சொந்த மகனுக்குத் தீர்ப்பு எழுதப் பார்க்கிறீர்கள்.

சரி, எஸ்ஏடி கிளாஸுக்கு வருகிறேன்.

“அவனும் அப்படியே சொல்லப் பழகிவிட்டான்” என்கிறீர்கள். அவனாகப் பழகவில்லை, நீங்கள் பழக்கினீர்கள். தனக்குப் பிடித்த ஒன்றைப் சொந்தப் பாட்டியிடம்கூடச் சொல்லக் கூடாது, படிப்பின் பெயரைச் சொன்னால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள் என்று ஒன்றரை வருடமாகப் பாடம் நடத்தியிருக்கிறீர்கள். நாளைக்கு நிஜமாகவே போகக் கூடாத இடத்துக்குப் போனாலும் அதே பதிலை உங்களிடமே சொல்வான், நீங்களும் மேலே கேட்க மாட்டீர்கள். விளையாட்டால் வரும் என்று நீங்கள் பயப்படும் கெடுதலைவிட இது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அப்படி என்ன வெட்கப்படும் காரியம் செய்கிறான்? ஐந்து பிள்ளைகள், கையில் போன் இல்லாமல், ஒரு மேஜையைச் சுற்றி மணிக்கணக்கில் முகம் பார்த்துப் பேசுகிறார்கள். ஒருவன் கதையை நடத்துகிறான், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிறார்கள். கதவை உடைப்பதா, உள்ளே இருப்பவனிடம் பேசிப் பார்ப்பதா என்று கூடி முடிவெடுக்கிறார்கள். எடுத்த காரியம் பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்கிறது. தோற்றால் சேர்ந்தே தோற்கிறார்கள். கூட்டுக் குடும்பம் போய், அத்தை பிள்ளை சித்தி பிள்ளை என்று யாரும் பக்கத்தில் இல்லாத ஊரில் ஒற்றைப் பிள்ளையாக வளர்கிறவனுக்கு வாரம் தவறாமல் நான்கு பேர் வீடு தேடி வருகிறார்கள். நானாக இருந்தால் அவர்களுக்குச் சாப்பாடு போட்டு அனுப்புவேன்.

அதற்காக அவன் இஷ்டத்துக்கு விடச் சொல்லவில்லை. ராத்திரி இத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். தட்டும் டம்ளரும் அவர்களே கழுவி வைக்கட்டும். அவன் கலகலப்பு குறைந்தாலோ, நண்பர்கள் வருவது நின்றாலோ, அறைக் கதவு நாள் முழுக்க மூடியே இருந்தாலோ உடனே உட்கார்ந்து பேசுங்கள், தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அங்கே பழியை விளையாட்டின் மேல் போட்டுவிட்டுத் திரும்பி வராதீர்கள்.

மாமியாருக்கு ஞாயிறு காலை காபி நேரம் உங்களுக்குச் சனிக்கிழமை ராத்திரி. அடுத்த முறை அவர் கூப்பிடும்போது போனைக் கீழே கொண்டுபோய் அவன் கையில் கொடுங்கள். ஆட்டத்தைப் பத்து நிமிடம் நிறுத்திவிட்டுப் பாட்டியிடம் பேசுவது அவன் கடமை. அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். என்னடா செய்யறே என்று அவர் கேட்பார். அவனே பதில் சொல்லட்டும். நீங்கள் குறுக்கே பேசாமல் பக்கத்தில் நில்லுங்கள். ஒன்றரை வருடமாகப் பொய் சொன்னதற்கு மாமியாரிடம் நீங்கள் தனியாகச் சொல்லிக்கொள்ள வேண்டியது இருக்கிறது. அதை அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.