குரோமில் மட்டும் திறக்காத இணையதளம்: ஃபார்மட் செய்யக் கொடுக்காதீர்கள்

கேள்வி: மகளின் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டிய அரசு இணையதளம் எங்கள் வீட்டு மடிக்கணினியில் குரோமில் திறக்கவில்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சில நேரம் வெள்ளைத் திரையில் '400 பேட் ரெக்வெஸ்ட்' என்று மட்டும் வருகிறது. அதே கணினியில் எட்ஜில் திறக்கிறது. ஆனால் கடவுச்சொற்கள் எல்லாம் குரோமில்தான் இருக்கின்றன. கடைத்தெருவில் கணினி பழுது பார்ப்பவர், 'வைரஸ் ஏறியிருக்கிறது, ஃபார்மட் செய்தால்தான் சரியாகும், 800 ரூபாய் ஆகும்' என்கிறார். கடைசித் தேதிக்கு இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது. கொடுக்கலாமா? (வாசகி, மயிலாடுதுறை)

பதில்: கொடுக்காதீர்கள். ஃபார்மட் செய்ய வேண்டிய நோய் உங்கள் கணினிக்கு வரவில்லை.

அதை எப்படி இங்கிருந்தே சொல்கிறேன் என்றால், சொல்வதற்குத் தேவையானதை நீங்களே எழுதிவிட்டீர்கள். எட்ஜில் திறக்கிறது. அப்படியானால் உங்கள் இணைய இணைப்பு நன்றாக இருக்கிறது, அரசின் சர்வர், அதாவது தளத்தை வைத்திருக்கும் கணினி, வேலை செய்கிறது, கணினியும் சரியாகவே இருக்கிறது. 'அந்தத் தளம் குரோமுக்கு ஒத்துவராது' என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். 2020 ஜனவரி முதல் மைக்ரோசாஃப்டின் எட்ஜ், குரோமுக்கு அடியில் இருக்கும் அதே குரோமியம் என்ற மென்பொருள் இயந்திரத்தில்தான் ஓடுகிறது. ஒன்றில் திறப்பது மற்றொன்றில் திறக்கவில்லை என்றால், கோளாறு இந்த ஒரு பிரவுசர் தனக்குள் சேர்த்து வைத்திருக்கும் ஏதோ ஒன்றில் இருக்கிறது. வைரஸ் என்று சொல்வதற்கு நீங்கள் எழுதியதில் ஓர் அடையாளம்கூட இல்லை.

முதலில் கடைசித் தேதியைக் கவனியுங்கள். குரோமைப் பழுது பார்ப்பது அடுத்த வாரமும் நடக்கலாம், விண்ணப்பம் காத்திருக்காது. இன்றே எட்ஜில் விண்ணப்பத்தை முடித்து, ஒப்புகைச் சீட்டைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சொல்லுக்கு வழி எளிது. குரோமின் வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தினால் 'பாஸ்வேர்ட்ஸ் அண்ட் ஆட்டோஃபில்' என்று இருக்கும். அதற்குள் 'கூகுள் பாஸ்வேர்ட் மேனேஜர்'. அதில் அந்தத் தளத்தின் பெயரைத் தொட்டு, கண் படத்தை அழுத்தினால் கடவுச்சொல் தெரியும். நடுவில் கணினியைத் திறக்கும் பின் எண்ணைக் கேட்கலாம், கொடுங்கள். அந்தக் கடவுச்சொல்லை ஒரு நோட்டில் எழுதி எட்ஜில் பயன்படுத்துங்கள்.

இனி குரோமுக்கு வருவோம். '400 பேட் ரெக்வெஸ்ட்' என்ற செய்திதான் இங்கே உண்மையான துப்பு. அதற்குக் கீழே சிறிய எழுத்தில் 'ரெக்வெஸ்ட் ஹெடர் ஆர் குக்கி டூ லார்ஜ்' என்று இருந்ததா என்று பாருங்கள். இருந்தால் சந்தேகமே வேண்டாம், கோளாறு குக்கியில்தான். இல்லாவிட்டாலும் நான் முதலில் தேடும் இடம் அதுதான்.

அரசு மருத்துவமனையில் ஒவ்வொரு முறையும் ஒரு ஓ.பி. சீட்டுத் தருவார்கள், அடுத்த முறை வரும்போது பழைய சீட்டுகளையும் கொண்டுவரச் சொல்வார்கள். இணையதளமும் அதேபோல் குக்கி என்ற சிறு குறிப்பை உங்கள் பிரவுசரிடம் கொடுத்து வைக்கிறது. அடுத்த முறை நீங்கள் போகும்போது பிரவுசர் அந்தக் குறிப்புகள் அனைத்தையும் சேர்த்து நீட்டுகிறது. சரியாக எழுதப்பட்ட தளம் பழையதை அவ்வப்போது அழித்துவிடும். அழிக்காத தளத்தில் அவை குவிந்துகொண்டே போகும். வாங்கும் சர்வருக்கோ ஓர் எல்லை உண்டு. உலகெங்கும் பரவலாக உள்ள என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருளில், பிரவுசர் அனுப்பும் கோரிக்கையின் ஒரு வரிக்கு 8 கிலோபைட் என்பதே இயல்பான எல்லை. அதைத் தாண்டினால் உள்ளே விடாமல் 400 என்று திருப்பி அனுப்பிவிடும். எட்ஜில் நீங்கள் அந்தத் தளத்துக்கு அதிகம் போனதில்லை, அங்கே குவியல் இல்லை, அதனால் திறக்கிறது.

இது சரியா என்று உறுதி செய்ய ஒரு நிமிடம் போதும். குரோமில் கன்ட்ரோல், ஷிஃப்ட், என் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். இன்காக்னிட்டோ என்ற கறுப்பு ஜன்னல் திறக்கும். பழைய குக்கிகளை அது எடுத்துச் செல்லாது. எக்ஸ்டென்ஷன்கள் எனப்படும், பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் கூடுதல் சிறு மென்பொருள்களையும் நீங்களாக அனுமதிக்காதவரை ஓட விடாது. அதில் தளம் திறந்துவிட்டால் குற்றவாளி குக்கியோ, எக்ஸ்டென்ஷனோதான். வேறு எதையும் தேட வேண்டாம்.

குக்கியை நீக்கும்போது அந்த ஒரு தளத்தினுடையதை மட்டும் நீக்குங்கள். குரோமின் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', அதில் 'சைட் செட்டிங்ஸ்', அதில் 'வியூ பெர்மிஷன்ஸ் அண்ட் டேட்டா ஸ்டோர்ட் அக்ராஸ் சைட்ஸ்'. தேடும் கட்டத்தில் தளத்தின் பெயரைத் தட்டினால் வரிசையாக வரும். ஒரே துறைக்கு இரண்டு மூன்று கிளை முகவரிகள் இருந்தால் எல்லாவற்றுக்கும் எதிரே உள்ள குப்பைத்தொட்டிப் படத்தை அழுத்துங்கள். பிறகு குரோமை முழுவதுமாக மூடித் திறந்து பாருங்கள். பெரும்பாலும் இத்தோடு முடிந்துவிடும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, தயவுசெய்து கவனியுங்கள். யூடியூபிலும் வாட்ஸ்அப்பிலும் 'ஹிஸ்டரி எல்லாம் அழித்துவிடு, எல்லாவற்றையும் டிக் செய்' என்று பாடம் நடத்துகிறார்கள். பதிப்பைப் பொறுத்து அந்தப் பட்டியலில் 'பாஸ்வேர்ட்ஸ்' என்ற வரியும் இருக்கலாம். அதை டிக் செய்தால் சேமித்த கடவுச்சொற்கள் போய்விடும். கூகுள் கணக்கோடு இணைத்து வைத்திருந்தால் கணக்கிலிருந்தும் அழிந்துவிடும், கைப்பேசியிலும் இருக்காது. ஒரு தளம் திறக்காததற்காக வங்கி, மின்சாரம், கேஸ் என்று எல்லாக் கணக்குக்கும் கடவுச்சொல் இழந்து நிற்பவர்கள் நிறையப் பேர்.

குக்கியை நீக்கியும் திறக்கவில்லை, ஆனால் இன்காக்னிட்டோவில் மட்டும் திறக்கிறது என்றால் எக்ஸ்டென்ஷன்களைப் பாருங்கள். கூப்பன் தேடித் தருவது, பிடிஎஃப் மாற்றித் தருவது, இலவச விபிஎன் ஆகிய மூன்றும் அடிக்கடி பிடிபடுபவை. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாக இயக்கிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். தெரிந்ததும் நீக்கிவிடுங்கள்.

கடைக்காரர் சொன்னதற்கு வருகிறேன். ஃபார்மட் செய்தால் தளம் திறக்கும், அதில் பொய் இல்லை. ஏன் திறக்கும்? வட்டில் உள்ள எல்லாவற்றோடும் சேர்த்து அந்தக் குக்கியும் அழிந்துவிடும் என்பதால்தான். அதற்கு விலையாக உங்கள் மகளின் சான்றிதழ் ஸ்கேன்கள், குடும்பப் புகைப்படங்கள், அச்சுப்பொறி அமைப்பு எல்லாம் போகும். 'சி டிரைவ் மட்டும்தான்' என்பார்கள். டெஸ்க்டாப்பிலும் டவுன்லோட்ஸிலும் நீங்கள் போட்டு வைத்தவை வழக்கமாக அந்த சி டிரைவில்தான் இருக்கின்றன. திரும்பி வரும் கணினியில் உரிமம் இல்லாத விண்டோஸ் ஏற்றப்பட்டிருந்தால் அந்தத் தலைவலி தனி. ஒரு பழுதுபார்ப்பவர் உங்கள் எதிரில் இன்காக்னிட்டோ ஜன்னலைக்கூடத் திறந்து பார்க்காமல் ஃபார்மட் என்று சொன்னால், அவர் சோதிக்கவே இல்லை என்று பொருள்.

அவராவது உங்கள் ஊர்க்காரர், கடை எங்கே என்று தெரியும். அதைவிட ஆபத்தானவர்கள், தளம் திறக்காத பதற்றத்தில் நீங்களே தேடிப் போய்ச் சிக்கிக்கொள்ளும் மோசடிக்காரர்கள். கூகுளில் துறையின் பெயரோடு 'ஹெல்ப்லைன்' என்று தேடி முதலில் வரும் எண்ணை அழைக்காதீர்கள். மோசடிக்காரர்கள் அதற்காகவே போலிப் பக்கங்களைக் கட்டி, விளம்பரமும் கொடுத்துக் காத்திருக்கிறார்கள். மிகவும் பணிவாகப் பேசுவார்கள். கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள், திரையில் தெரியும் ஒன்பது இலக்க எண்ணைக் கேட்பார்கள். சரிபார்க்கப் பத்து ரூபாய் அனுப்புங்கள் என்பார்கள். அந்தப் பத்து ரூபாயை அனுப்ப நீங்கள் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் அவர்களுக்குத் தெரியும். ஏற்கெனவே அப்படி யாரிடமாவது பணம் போயிருந்தால் காத்திருக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு இருப்பது முதல் சில மணி நேரத்தில்தான்.

துறையின் எண் வேண்டுமென்றால் துறையின் தளத்திலிருந்தே எடுங்கள். அது உண்மையான தளமா என்று பார்க்க, முகவரியின் தொடக்கத்தில் இரட்டைச் சாய்கோடு இருந்தால் அதை விட்டுவிட்டு, அடுத்து வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் என்ன இருக்கிறது என்று படியுங்கள். 'டாட் ஜிஓவி டாட் இன்' என்றோ 'டாட் என்ஐசி டாட் இன்' என்றோ முடிந்தால் சரி. ஜிஓவி என்ற எழுத்துகள் முகவரியின் நடுவில் எங்கோ இருந்தால் போதாது. போலிகள் அப்படித்தான் வைப்பார்கள்.

இன்னொரு வகையினர், 'என்னிடம் கொடுங்கள், நான் பதிவு செய்து தருகிறேன்' என்று 200 ரூபாய்க்கு முன்வரும் பிரவுசிங் சென்டர் தரகர்கள். எல்லோரையும் சொல்லவில்லை. ஆனால் இதில் ஒரு பழக்கம் பரவியிருக்கிறது. அவசரத்துக்கு ஓடிபி வர வேண்டுமென்று விண்ணப்பத்தில் தங்கள் கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் போட்டுவிடுகிறார்கள். அன்று வேலை முடிந்துவிடும். அடுத்த ஆண்டு புதுப்பிக்கும்போது ஓடிபி அவருக்குப் போகும். நீங்கள் மறுபடியும் அவரிடம் போக வேண்டும், அவர் கேட்பதைக் கொடுக்க வேண்டும். கடையை மூடிவிட்டுப் போயிருந்தால் உங்கள் மகளின் கணக்குக்குள் நீங்களே நுழைய முடியாது. எண்ணை மாற்ற அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியதுதான். யார் மூலம் விண்ணப்பித்தாலும் சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்துவதற்கு முன் கைப்பேசி எண், மின்னஞ்சல், வங்கிக் கணக்கு எண் மூன்றையும் நீங்களே படித்துப் பாருங்கள். அவசரப்படுத்தினாலும் விடாதீர்கள்.

இத்தனை பேரும் பிழைப்பு நடத்துவது யாரால்? அரசுத் தளங்கள் எல்லா முக்கியப் பிரவுசர்களிலும் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று இந்திய அரசின் இணையதள வழிகாட்டி நெறிகளே சொல்கின்றன. அந்த நெறிகள் முதலில் வெளிவந்தது 2009 இல். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை மைக்ரோசாஃப்டே 2022 ஜூன் 15 அன்று ஓய்வுக்கு அனுப்பிவிட்டது. அதற்குப் பிறகும் 'இந்தத் தளம் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் சிறப்பாகத் தெரியும்' என்ற வரியை அடியில் சுமந்துகொண்டு நின்ற அரசுப் பக்கங்களைப் பார்த்திருக்கிறேன். குக்கியைச் சுத்தம் செய்வது தளத்தை எழுதியவரின் பொறுப்பு. அதை அவர் செய்யவில்லை என்றால், திரையில் '400' என்று காட்டுவதற்குப் பதிலாக, 'எங்கள் தளத்தின் குக்கிகளை நீக்கிவிட்டு மறுபடி வாருங்கள்' என்று தமிழில் ஒரு வரியாவது காட்டலாம். அந்த ஒரு வரி இருந்தால் உங்களிடம் யாரும் 800 ரூபாய் கேட்டிருக்க முடியாது. கடைசித் தேதியை அவ்வளவு கண்டிப்பாக அறிவிக்கும் துறைக்கு, தன் தளம் திறக்கிறதா என்று பார்க்கும் கடமையும் உண்டு.

ஒரே ஒரு விதிவிலக்கைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களுடையது மடிக்கணினி என்கிறீர்கள், எந்த ஆண்டினது என்று எழுதவில்லை. தமிழக அரசு 2011 இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் விண்டோஸ் 7 உள்ள கணினிகளே வந்தன. அண்ணனுக்குக் கொடுத்ததைத் தங்கை பயன்படுத்தும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. அப்படிப்பட்ட கணினியில் மேலே சொன்னவை எல்லாம் செய்தும் பயன் இருக்காது. விண்டோஸ் 7க்கும் 8க்கும் குரோமின் கடைசிப் பதிப்பு 109. 2023 பிப்ரவரியில் 110 வந்தபோதே அந்தக் கணினிகள் பின்தங்கிவிட்டன. புதிதாக எழுதப்படும் தளங்கள் பயன்படுத்தும் கட்டளைகள் பழைய பதிப்புக்குப் புரியாது. வெள்ளைத் திரையோ, அழுத்தினாலும் அசையாத பொத்தானோதான் கிடைக்கும். எட்ஜுக்கும் அங்கே 109தான் கடைசி. எனவே அத்தகைய கணினியில் குரோமும் எட்ஜும் இரண்டுமே தடுமாறும். ஃபயர்பாக்ஸ் என்ற இன்னொரு பிரவுசர் மட்டும் 115 வரை வந்தது, குரோம் கைவிட்ட பிறகும் பழைய விண்டோஸுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களைத் தந்தது. குரோமில் வராதது ஃபயர்பாக்ஸில் வருகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது விண்டோஸ் பதிப்பைத்தான்.

உங்களுக்கு எட்ஜில் திறப்பதால் இது பொருந்த வாய்ப்புக் குறைவு. இருந்தாலும் பார்த்துவிடுங்கள். குரோமின் மூன்று புள்ளிகளில் 'ஹெல்ப்', அதில் 'அபவுட் கூகுள் குரோம்'. அங்கே 109 என்ற எண் நின்றுபோயிருந்தால் அந்தக் கணினியில் வங்கி வேலை செய்யாதீர்கள். அதற்குத் தீர்வு விண்டோஸை மாற்றுவது அல்லது கணினியை மாற்றுவது. 'ரீலான்ச்' என்ற பொத்தான் இருந்தால் புதிய பதிப்பு இறங்கிக் காத்திருக்கிறது என்று பொருள். பலர் மடிக்கணினியை மூடி வைப்பார்களே தவிர குரோமை மூடவே மாட்டார்கள். அழுத்துங்கள்.

இவ்வளவும் செய்து குரோம் இன்னும் மறுத்தால் கடைசியாக ஒன்று இருக்கிறது. செட்டிங்ஸில் 'ரீசெட் செட்டிங்ஸ்' என்ற பகுதியில் 'ரீஸ்டோர் செட்டிங்ஸ் டு தேர் ஒரிஜினல் டிஃபால்ட்ஸ்' என்று இருக்கும். அது எக்ஸ்டென்ஷன்களை அணைத்து, எல்லாத் தளங்களின் குக்கிகளையும் நீக்கிவிடும். புக்மார்க்குகளும் சேமித்த கடவுச்சொற்களும் அப்படியே இருக்கும். பிறகு ஒவ்வொரு தளத்திலும் ஒருமுறை புதிதாக உள்நுழைய வேண்டியிருக்கும், அவ்வளவுதான். விண்ணப்பத்தைச் சமர்ப்பித்து ஒப்புகைச் சீட்டைக் கையில் வாங்கிய பிறகு இதைச் செய்யுங்கள்.