பந்து வராத ஓட்டம்

அன்புள்ள அண்ணா,

கல்லூரிக் கால்பந்து அணியில் இரண்டு வருடமாக ரைட் விங்கில், அதாவது வலது ஓர முன்களத்தில் ஆடினேன். இந்த சீசனில் கோச் என்னை ரைட் பேக், அதாவது வலது ஓரத் தடுப்பாட்டக்காரன் ஆக்கிவிட்டார், ‘காஃபு மாதிரி ஆடு’ என்கிறார். காஃபுவைத் தேடிப் பார்த்தேன். பிரேசிலுக்காக 142 ஆட்டம், 5 கோல். இதில் என்ன இருக்கிறது? நான் மேலே ஓடினால் பத்தில் எட்டு தடவை பந்தே வருவதில்லை, திரும்பி வருவதற்குள் மூச்சு வாங்குகிறது. என்னை ஓரங்கட்டிவிட்டார்கள் என்றே தோன்றுகிறது.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பிக்கு,

ஓரங்கட்டவில்லை. அந்த எட்டு தடவை இருக்கிறதே, அந்த இடத்தின் வேலையே அதுதான். நீங்கள் பக்கக் கோட்டை ஒட்டி மேலே ஓடும்போது எதிரணி விங்கர் உங்களோடு கீழே இறங்கியாக வேண்டும். அவர் இறங்காவிட்டால் அவர்களுடைய லெஃப்ட் பேக், உங்கள் விங்கரைப் பிடிப்பதா உங்களைப் பிடிப்பதா என்று அரை நொடி தடுமாறுவார், அது போதும், உங்கள் விங்கர் உள்ளே வெட்டிப் போய்விடுவார். பந்தைத் தொடாமலே அவருக்கு வழி திறந்துவிட்டது நீங்கள்.

1970 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இத்தாலிக்கு எதிராக பிரேசில் அடித்த நான்காவது கோலைப் பாருங்கள். அடித்தவர் ரைட் பேக் கார்லோஸ் ஆல்பர்ட்டோ. ஆனால் அவரைக் கொஞ்சம் விட்டுவிட்டு ஜேர்சினோவைப் பாருங்கள். அவர் ரைட் விங்கர், அந்த நேரத்தில் இடது பக்கம் போய் நிற்கிறார், அவரை மார்க் செய்த இத்தாலியத் தடுப்பாட்டக்காரர் ஃபாக்கெட்டியும் கூடவே போய்விட்டார். வலது பக்கம் மொத்தமும் காலி. பெலே அவசரமே இல்லாமல் பந்தை அந்தக் காலி இடத்துக்கு உருட்டிவிடுகிறார். அங்கே விங்கர் ஃபுல் பேக்குக்கு (ஓரத் தடுப்பாட்டக்காரருக்கு) இடம் விட்டார், தினசரி ஆட்டத்தில் ஃபுல் பேக் விங்கருக்கு இடம் விடுகிறார். கணக்கு ஒன்றுதான்.

அதே உலகக் கோப்பை நடந்துகொண்டிருந்தபோது, ஜூன் 7 அன்று, பிரேசில் இங்கிலாந்தை வென்ற நாளில் பிறந்தவர் காஃபு. சாவோ பாவ்லோ நகரத்து ஏழைக் குடியிருப்பான ஜார்டிம் இரெனேயில் வளர்ந்தவர். சின்ன வயதில் பல கிளப்புகளின் தேர்வில் கழித்துவிட்டார்கள். அப்புறம் சாவோ பாவ்லோ அணியில் மிட்ஃபீல்டில் ஆடிக்கொண்டிருந்தவரை ரைட் பேக்காக மாற்றியவர் பயிற்சியாளர் டெலே சந்தானா. உங்களுக்கு நடந்த அதே மாற்றம்தான் தம்பி, அதற்குப் பிறகுதான் அவர் உலகம் அறிந்த காஃபு ஆனார்.

1994 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் முதல் பாதியிலேயே ரைட் பேக் ஜோர்ஜினோவுக்கு அடிபட, காஃபு உள்ளே வந்தார். பாசடீனாவின் மதிய வெயில், கூடுதல் நேரமும் கோல் இல்லாமல் முடிந்து பெனால்டி ஷூட் அவுட் வரை போன ஆட்டம். ஓடிக்கொண்டே இருந்தார். 1998, 2002 இறுதி ஆட்டங்களிலும் ஆடினார். தொடர்ந்து மூன்று உலகக் கோப்பை இறுதி ஆட்டங்களில் களமிறங்கியவர் வேறு யாரும் இல்லை. இத்தாலிய கிளப்பான ரோமாவில் ரசிகர்கள் அவருக்கு வைத்த பெயர் பெண்டோலினோ, அது இத்தாலியின் அதிவேக ரயில். 2001இல் ரோமா லீக் பட்டம் வென்றது, பிறகு மிலானுக்குப் போய் அங்கேயும் வென்றார். ரோமாவின் உள்ளூர் எதிரணியான லாட்சியோவுக்கு எதிராக, அந்த அணியின் நெட்வேட் தலைக்கு மேல் பந்தை அடுத்தடுத்துத் தூக்கிப்போட்டாரே, அந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பார்கள். எனக்கு அதைவிட, அவர் பந்தே கேட்காமல் ஓடிய ஓட்டங்கள்தான் பெரிது. பிரேசில் அணியில் இடது பக்கம் ஆடிய ராபர்ட்டோ கார்லோஸிடம் அந்த அசுரத்தனமான இடது கால் இருந்தது. காஃபுவிடம் இருந்தது நெஞ்சுரம், நூறு தடவை போய் நூறு தடவையும் திரும்பி வருகிற நெஞ்சுரம்.

சரி, மூச்சு வாங்குகிறது என்றீர்களே, அதற்கு வருகிறேன். 2002இல் பிரேசில் பயிற்சியாளர் ஸ்கொலாரி பின்னால் லூசியோ, எட்மில்சன், ரோக்கே ஜூனியர் என்று மூன்று பேரை நிறுத்தினார். அதனால்தான் காஃபுவும் ராபர்ட்டோ கார்லோஸும் அவ்வளவு துணிந்து மேலே போக முடிந்தது. நீங்கள் மேலே போகும்போது உங்கள் இடத்தை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? கோச்சிடம் இதைக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் தவறு உங்கள் நுரையீரலில் இல்லை.

2002 இறுதி ஆட்டம் நடந்த யோகோஹாமாவில், சட்டையில் ‘100% ஜார்டிம் இரெனே’ என்று கையால் எழுதிக்கொண்டுதான் கேப்டனாகக் கோப்பையைத் தூக்கினார். அந்த ஆட்டத்தை முழுசாகப் பாருங்கள். முதல் இருபது நிமிடம் பந்தைப் பார்க்க வேண்டாம், வலது ஓரத்தில் 2ஆம் எண்ணை மட்டும் பாருங்கள். எத்தனை தடவை மேலே ஓடினார், அதில் எத்தனை தடவை பந்து வந்தது என்று ஒரு தாளில் குறித்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்