ஓபியில் எங்கே நிற்பது?

வணக்கம் சார்,

அரசு மருத்துவக் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன். இப்போது குழந்தைகள் பிரிவு போஸ்டிங். வார்டில் கேஸ் எடுக்கிறோம், இதயத்தில் மர்மர் என்ற சத்தம் கேட்கிறோம். ஓபியில், அதாவது வெளிநோயாளர் பிரிவில் மட்டும், எட்டுப் பேர் எங்கள் சாரின் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்ப்பதோடு சரி. இருக்கிற கூட்டத்தில் அவருக்குச் சொல்லித்தர நேரமில்லை. வருவதும் சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்குதான். அந்த நேரத்தில் நூலகத்தில் உட்கார்ந்து படிக்கலாமா?

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

நூலகத்துக்குப் போகாதீர்கள். உங்கள் ஆதங்கம் நியாயம்தான், நாற்காலிக்குப் பின்னால் நின்றால் சீட்டில் எழுதும் கைதான் தெரியும், குழந்தை தெரியாது. ஆனால் நாளை ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனியாக உட்காரும்போது உங்களிடம் வரப்போவது இதே சளியும் வயிற்றுப்போக்கும்தான், அதில் யாரை வீட்டுக்கு அனுப்பலாம், யாரை அட்மிட் செய்ய வேண்டும் என்று சில நிமிடங்களில் சொல்லியாக வேண்டும்.

அதனால் நிற்கும் இடத்தை மாற்றுங்கள். சாரிடம் சொல்லிவிட்டு, வரிசையில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களிடம் போங்கள். ஒரு நாளைக்கு ஒரே ஒரு குழந்தை போதும்.

என் மாணவர் ஒருவர் அப்படிப் போய் ஏழு மாதக் குழந்தை ஒன்றைப் பார்த்தார். இருமல், இரண்டு நாள் காய்ச்சல். பால் குடித்துவிட்டு அம்மா மடியில் கண்ணயர்ந்திருந்தது. கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்கி மூச்சு 44 என்றார். சட்டையைத் தூக்கிவிட்டு முழு நிமிடம் எண்ணச் சொன்னேன். 54. கைக்குழந்தையின் மூச்சு ஒரே சீராக ஓடாது, கொஞ்சம் வேகமாக இழுக்கும், அப்புறம் நிதானமாகும், கால் நிமிடக் கணக்கு அங்கே நம்மை ஏமாற்றிவிடும். 2 மாதத்திலிருந்து 1 வயது வரை 50, அதற்குமேல் 5 வயது வரை 40, 2 மாதத்துக்குக் கீழே 60, நிமிடத்துக்கு அதைத் தொட்டாலே வேக மூச்சு என்ற எல்லைகள் உங்களுக்கு மனப்பாடமாகத் தெரியும். ஆனால் அந்தக் குழந்தை அழ ஆரம்பிப்பதற்குள், ஸ்டெத்தை எடுப்பதற்கு முன்பே எண்ண வேண்டும் என்பது மடியில் குழந்தையைப் பார்த்தால்தான் கைக்கு வரும்.

அம்மாவின் பேச்சையும் அங்கேதான் கற்க முடியும். "உச்சி பள்ளமா இருக்கு டாக்டர்" என்று ஒரு அம்மா சொன்னால் உடம்பில் நீர் வற்றுகிறதா என்று பாருங்கள். "மாந்தம்", "உரம் விழுந்திருக்கு" என்றால் சிரிக்காமல், என்ன பார்த்து அப்படிச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

என் தவறு ஒன்றையும் சொல்கிறேன். ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது ஒன்பது கிலோ குழந்தைக்குப் பாராசிட்டமால் 5 மில்லி என்று எழுதிக் கொடுத்தேன். நான் நினைத்தது 5 மில்லியில் 125 மில்லிகிராம் இருக்கும் சிரப்பை. அந்த அம்மாவின் வீட்டில் இருந்தது சொட்டு மருந்து, அதில் 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம். "இவ்ளோ ஊத்தணுமா சார், பாட்டில்ல பாதிக்கு மேல தீர்ந்துடுமே?" என்று அவர் திரும்பி வந்து கேட்டதால் தப்பித்தோம். அவர் கேட்காமல் போயிருந்தால் நாளைக்கு நாலு வேளை 500 மில்லிகிராம் போயிருக்கும். அன்றிலிருந்து மருந்தை எழுதியதும் "வீட்டுக்குப் போய் எப்படிக் கொடுப்பீங்க, சொல்லுங்க" என்று கேட்காமல் யாரையும் அனுப்புவதில்லை. ஒரு லிட்டர் ஓஆர்எஸ் பொட்டலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக டம்ளரில் கலக்குவதும், வயிற்றுப்போக்கு நின்றதும் 14 நாள் கொடுக்க வேண்டிய துத்தநாக மாத்திரையைப் பாதியில் நிறுத்துவதும் போன்ற தவறுகள் இந்தக் கேள்வியில்தான் வெளிவரும்.

இதைப் படிக்கும் ஆசிரியர்களுக்கும் ஒன்று: கூட்டம் குறையப் போவதில்லை, எனக்கும் அது தெரியும். ஆனாலும் நூறு குழந்தைகளில் ஒன்றை ஒரு மாணவர் முதலில் பார்க்கட்டும், நாலு வரியில் சொல்லட்டும், அவர் எதிரிலேயே நீங்கள் சரிபாருங்கள்.

நாளை போகும்போது நொடி முள் உள்ள கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு போங்கள். எண்ணிவிட்டு எனக்கு எழுதுங்கள்.