மார்பில் இருப்பது சாதாரணக் கட்டிதான், ஆனாலும் ஆபரேஷன் வேண்டும் என்கிறார்கள். இந்தப் பயத்தை எப்படிச் சமாளித்தீர்கள்?

"வெறும் ஃபைப்ரோஅடினோமாதான், புற்றுநோய் இல்லை, ஆனால் பெரிதாக இருப்பதால் எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர். எனக்குத் தூக்கமே வரவில்லை. வீட்டில் எல்லாரும் ஒன்றுமில்லாததற்கு ஏன் பயப்படுகிறாய் என்கிறார்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரியைப் படித்ததும் திருத்திக்கொண்டிருந்த விடைத்தாள் கட்டை ஓரமாக வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். எனக்கும் அதையேதான் சொன்னார்கள். அதைக் கேட்டு ஒரு நாள்கூட எனக்குப் பயம் குறையவில்லை. பயத்தை வெளியே காட்டாமல் இருக்க மட்டும் பழகிக்கொண்டேன்.

உங்களுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும், இன்னும் கல்யாணம் ஆகியிருக்காது என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். தவறாக இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். நான் டாக்டர் இல்லை. மார்த்தாண்டம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் சமூக அறிவியல் டீச்சராக இருந்தவள், இப்போது வேறு பள்ளியில் இருக்கிறேன். என் உடம்பில் நடந்ததையும் டாக்டர் எனக்கு விளக்கியதையும் மட்டும் சொல்கிறேன்.

2017 ஓணம் லீவு, எனக்கு 26 வயது. குளிக்கும்போது சோப்புக் கை இடது பக்கம் போகையில் கோலிக்குண்டு மாதிரி ஒன்று விரலுக்கு அடியில் நழுவியது. அழுத்தினால் ஓடியது, விட்டால் திரும்ப அதே இடத்துக்கு வந்தது. வலி கொஞ்சமும் இல்லை. வலிக்கிற கட்டி நல்லது, வலிக்காத கட்டிதான் கெட்டது என்று எங்கோ படித்திருந்தேன், அதனால் வலி இல்லாததே எனக்குப் பெரிய பயமாகிவிட்டது. அந்த வாரம் சனிக்கிழமை வீட்டில் "பிள்ளைகளுக்கு ஸ்பெஷல் கிளாஸ்" என்று பொய் சொல்லிவிட்டு ஒரு லேடி டாக்டரிடம் காட்டி, சீட்டு வாங்கி, தனியாகவே ஸ்கேன் எடுத்தேன். ரிப்போர்ட் கையில் கிடைத்தபோது டாக்டர் போய்விட்டார், திங்கட்கிழமை வாங்க என்றார்கள். திங்கட்கிழமை வரை யாரால் பொறுக்க முடியும்? மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டே கவரைப் பிரித்தேன். இடது மார்பு, 2 மணி நிலை, 2.1 செ.மீ. என்று என்னென்னவோ எழுதிக் கடைசியில் தடித்த எழுத்தில் "பை-ராட்ஸ் 3" என்று இருந்தது.

3 என்றால் மூன்றாவது ஸ்டேஜ் என்று நினைத்துவிட்டேன்.

பஸ் வந்தது, ஏறினேன், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிக் குழித்துறைப் பாலம் வரை போய்விட்டேன். திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்கப் போகவில்லை. பதினொரு நாள் அந்தக் கவரை ஆறாம் வகுப்பு அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டருக்குள் வைத்து எடுத்துக்கொண்டு திரிந்தேன். முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், அந்த வேதனையிலிருந்துதான் 1954ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வந்தது என்று பிள்ளைகளுக்குத் தொண்டை கிழியப் பாடம் நடத்தியிருக்கிறேன். என் சொந்த அம்மாவிடம் "அம்மா, இங்க ஒரு கட்டி இருக்கு" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ரிப்போர்ட்டில் இருக்கும் அந்த எண் என்னவென்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். என்னைப் போல் யாராவது பஸ் ஸ்டாண்டில் நின்று படித்துக்கொண்டிருக்கலாம். அது ஸ்டேஜ் கிடையாது. ஸ்கேனைப் பார்க்கிற டாக்டர் தனக்கு எவ்வளவு சந்தேகம் இருக்கிறது என்று 0 முதல் 6 வரை போடுகிற குறியீடு. 3 என்றால் அநேகமாகச் சாதாரணக் கட்டி, புற்றுநோயாக இருக்க நூற்றுக்கு 2க்கு மேல் வாய்ப்பில்லை, ஆறு மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கலாம் என்று அர்த்தம். 4, 5 என்றால் சதை எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள், 6 என்பது ஏற்கெனவே உறுதியானவர்களுக்கு. இதை அன்றைக்கு யாராவது ஒரே ஒரு நிமிடம் சொல்லியிருந்தால் என் பதினொரு நாள் மிஞ்சியிருக்கும்.

நான் மறைத்து வைத்திருந்ததை வெளியே கொண்டுவந்தது எங்கள் மைனி, அண்ணனின் மனைவி. வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைப்பவர். சித்தி மகள் கல்யாணத்துக்குப் பிளவுஸ் தைக்க அளவு எடுத்தபோது நாடா அந்த இடத்தில் இறுகியதும் நான் சட்டென்று பின்னால் நகர்ந்துவிட்டேன். "என்ன பிள்ளே, வலிக்கியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கதவைச் சாத்திவிட்டு வந்து, "பின்ன ஏன் மூஞ்சி இப்பிடி இருக்கு?" என்றார். அவ்வளவுதான், ரெஜிஸ்டரிலிருந்து கவரை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டேன். அவருக்கும் அதைப் படித்து ஒன்றும் புரியவில்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி நான் தூங்கினேன்.

அம்மாவிடம் மைனிதான் சொன்னார். அம்மா என்னைத் திட்டவில்லை. "எத்தன நாளா மக்களே வச்சிட்டு இருந்த?" என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டார், ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. சித்திதான், "ஆலோசனை வாற நேரம், வெளிய ஒரு மூச்சு விடாதிய" என்றார். எங்கள் பக்கத்தில் ஒருவரைத் "திருவனந்தபுரம் கொண்டு போனாவளாம்" என்று யாராவது குரலைத் தாழ்த்திச் சொன்னாலே அங்கிருக்கும் புற்றுநோய் மருத்துவமனையான ஆர்.சி.சி.க்குத்தான் என்று எல்லாருக்கும் புரிந்துவிடும். பெண் கேட்டு வருகிறவர்கள் காதுக்கு அது போய்விடக் கூடாதே என்பது சித்தியின் கவலை. இன்னொரு உறவுக்காரர் எல்லாம் மணவாளக்குறிச்சி மணலால் வருவது என்றார். அந்த மணலில் தோரியம் கலந்த மோனசைட் இருக்கிறது, கடற்கரை மக்களுக்கு அதைப் பற்றிப் பயம் இருக்கிறது, அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேசவில்லை, மணல் எடுப்பதற்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். என்னுடைய இந்தக் கட்டிக்கும் அதற்கும் தொடர்பில்லை, இது உடம்பில் ஓடும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை ஒட்டி வளர்வது, இளவயதுப் பெண்களுக்குத்தான் அதிகம் வரும் என்று டாக்டர் பிறகு சொன்னார்.

எண்ணெய் போட்டால் கரையும், பத்துப் போட்டால் கரையும் என்றும் சொல்வார்கள். நான் நாட்டு வைத்தியத்துக்கு எதிரி இல்லை. எங்கள் பாட்டா வர்ம ஆசான், கை கால் முறிந்து வந்த எத்தனையோ பேரைக் கட்டுப்போட்டு நடக்க வைத்தவர். அம்மா அவரிடம் போய்ச் சொன்னபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: "உருளுதா, ஒட்டிப் பிடிச்சிருக்கா?" உருளுது என்றதும், "பேடிக்காண்டாம். ஆனா இது எண்ணெயில கரையுற சாதனம் இல்ல, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ" என்று சொல்லிவிட்டார். அவர் வார்த்தையால்தான் வீட்டில் மற்றவர்கள் வாயடைத்தார்கள். அதை இன்றைக்கும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

நாகர்கோவிலில் ஒரு சர்ஜன் அம்மாவைப் பார்த்தோம். தொட்டுப் பார்ப்பது, ஸ்கேன், ஊசிப் பரிசோதனை, மூன்றும் ஒரே பதிலைச் சொன்னால்தான் நிம்மதியாக இருப்பேன் என்றார். ஊசி என்பது ரத்தம் எடுக்கிற மாதிரிதான், சில விநாடி. சாதாரணக் கட்டி என்றே வந்தது, அளவும் சின்னது, ஆறு மாதம் விட்டுப் பார்க்கலாம் என்றார். எல்லாக் கட்டியையும் அறுக்க வேண்டியதில்லை, சிலது அப்படியே இருக்கும், சிலது சுருங்கியும் போகும்.

அந்த ஆறு மாதத்துக்கு நடுவில்தான் ஒக்கிப் புயல் வந்தது. எங்கள் ஊரில் ரப்பரும் வாழையும் மொத்தமாகச் சாய்ந்து, ஒரு வாரத்துக்கு மேல் கரண்ட் இல்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கமெல்லாம் கடலுக்குப் போனவர்கள் திரும்பாமல் பெண்கள் கரையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். என் வகுப்பிலும் ஒரு பையனின் அப்பா வரவில்லை. அவர்களுக்கு நடந்ததற்கு முன்னால் உன் கட்டி ஒரு பொருட்டா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனசார அப்படித்தான் நினைத்தேன், ஆனாலும் இருட்டில் படுத்ததும் கை அந்த இடத்துக்குத்தான் போனது. அதனால்தான் சொல்கிறேன், அடுத்தவர் துக்கத்தைக் காட்டி உங்கள் பயத்தை அடக்கப் பார்க்காதீர்கள்.

2018 மார்ச்சில் திரும்ப ஸ்கேன் எடுத்தபோது 3.4 செ.மீ. ஆகிவிட்டிருந்தது. எடுத்துவிடலாம் என்றார். இப்போது உங்கள் மனதில் ஓடுவதும் இதுவாகத்தான் இருக்கும்: சாதாரணக் கட்டி என்றால் ஏன் அறுக்க வேண்டும், என்னிடம் எதையோ மறைக்கிறார்களோ? நான் அதை அப்படியே டாக்டரிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. பிலோடஸ் என்று இன்னொரு வகைக் கட்டி இருக்கிறது, அபூர்வமானது, பார்க்க ஃபைப்ரோஅடினோமா மாதிரியே இருக்கும், ஆனால் வேகமாக வளரும். ஊசியில் வருவது துளிச் சதை, அதை வைத்துச் சில நேரம் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது, முழுக் கட்டியையும் எடுத்து லேபில் பார்த்தால்தான் உறுதி. தவிர 3 சென்டிமீட்டரைத் தாண்டி வளர்ந்துகொண்டே போனால் பிறகு பெரிய வெட்டாகப் போட வேண்டிவரும். இதுதான் காரணம் என்று தாளில் படம் போட்டுக் காட்டினார். நீங்களும் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.

லீவு விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். மார்ச் பரீட்சை நேரம். ஆறு நாள் லீவு கேட்டு டாக்டர் சர்டிஃபிகேட்டோடு போனேன். பள்ளி நிர்வாகி கிளார்க்கையும் பியூனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "எந்த இடத்தில் கட்டி?" என்று கேட்டார். சர்டிஃபிகேட்டில் எழுதியிருக்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் கேட்டார். மே மாதம் வைத்துக்கொள்ளக் கூடாதா என்றார். கடைசியில் ஆறு நாள் சம்பளத்தையும் பிடித்துக்கொண்டார்கள். எம்.ஏ., பி.எட். படித்துவிட்டு எட்டாயிரத்துக்கும் ஒன்பதாயிரத்துக்கும் வேலை பார்க்கிற எத்தனை டீச்சர்கள் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள், ஒருத்திக்காவது நோய் லீவு என்று உண்டா? ஆபரேஷனுக்கு முந்தின நாள் நான் அழுதது கட்டிக்காக இல்லை, அந்தக் கேள்விக்காக. சரி, விடுங்கள்.

ஆபரேஷன் அன்றைக்கு எனக்கு இருந்த பயம் மயக்கத்திலிருந்து எழுந்திருப்பேனா என்பது. அதை மயக்க டாக்டரிடமே சொல்லிவிட்டேன். "நீங்க முழிச்சு என்கிட்ட பேசுற வரைக்கும் நான் இந்த ஸ்டூலை விட்டு எழுந்திருக்க மாட்டேன், என் வேலையே அதுதான்" என்றார். கண் திறந்தபோது அவர் அங்கேதான் இருந்தார். முக்கால் மணி நேர வேலை, மறுநாள் வீடு. எடுத்த கட்டியை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் மருந்துத் தண்ணீர் ஊற்றிப் போட்டு லேபில் கொடுக்கச் சொல்லி அம்மா கையில் தந்திருக்கிறார்கள். தோலுரித்த சக்கைக்குரு மாதிரி, அதாவது பலாக்கொட்டை மாதிரி, வெள்ளையாக உருண்டையாக இருந்ததாம். அம்மா ஆட்டோவில் அதை இரண்டு கையாலும் மடியில் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார், குலுங்கிவிடக் கூடாது என்று டிரைவரிடம் மெதுவாகப் போகச் சொன்னாராம். இதை எனக்கு மைனி சொன்னார், அம்மா இதுவரை சொன்னதில்லை. எட்டாவது நாள் ரிப்போர்ட் வந்தது, ஃபைப்ரோஅடினோமாவேதான்.

தழும்பு காம்பைச் சுற்றியுள்ள கருப்பு வட்டத்தின் ஓரத்தில் இருக்கிறது, தேடினால்தான் தெரியும். கட்டி எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து உங்களுக்கு வேறு இடத்தில் வெட்டலாம், அதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பெண் பார்க்க வந்தவரிடம் நானே சொன்னேன். அவர்தான் இப்போது என் வீட்டுக்காரர். மகளுக்கு இரண்டு பக்கமும் பால் கொடுத்தேன், குறை ஒன்றும் இல்லை. வலது பக்கம் இப்போது 0.8 செ.மீ.யில் ஒன்று இருக்கிறது, வருடம் ஒரு முறை ஸ்கேன் பார்த்துக்கொள்கிறேன். இன்றைக்கும் ஸ்கேன் நாளுக்கு முந்தின இரவு தூக்கம் வராது.

எனக்குச் சாதாரணக் கட்டி என்பதால் எல்லாருக்கும் அப்படியே இருக்கும் என்று நான் சொல்லவில்லை. கட்டி நகராமல் ஒட்டிப் பிடித்திருந்தாலோ, தோல் குழி விழுந்தாலோ, காம்பில் ரத்தம் கசிந்தாலோ, அக்குளில் கட்டி தெரிந்தாலோ, நாற்பது வயதைத் தாண்டியவர்களானாலோ என் கதையைப் படித்து ஆறுதல் அடையாமல் உடனே டாக்டரைப் பாருங்கள். காசுதான் தடை என்றால் ஆசாரிப்பள்ளம் அரசு மெடிக்கல் காலேஜில் போய்க் காட்டுங்கள்.

உங்கள் வீட்டில் "ஒன்றுமில்லை" என்கிறவர்களை மாற்ற முடியாது. அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கதவைச் சாத்துகிற ஆள் ஒருவராவது இருப்பார், அவரிடம் போங்கள், டாக்டரைப் பார்க்கப் போகும்போதும் அவரையே கூட்டிப் போங்கள். அப்புறம் ஆஸ்பத்திரிக்கு முன்பக்கம் முழுக்கப் பட்டன் வைத்த நைட்டி எடுத்துக்கொள்ளுங்கள், கையைத் தூக்கிப் போட வேண்டிய எதுவும் ஒரு வாரத்துக்கு ஆகாது. எனக்கு மைனி பருத்தித் துணியில் இரண்டு தைத்துத் தந்தார், இடது பக்கம் மட்டும் ஒரு விரல் தளர்த்தி. அதில் ஒன்று கிழிந்துவிட்டது, இன்னொன்றைத்தான் மகளுக்குப் பால் கொடுத்த காலத்திலும் போட்டுக்கொண்டிருந்தேன்.