இரண்டடித் தொட்டியில் எத்தனை மீன்? சித்திரைக்குக் கணக்குப் போடுங்கள்

கேள்வி: வணக்கம் ஐயா. சேலம் அயோத்தியாப்பட்டணம் பக்கம் குச்சிக்கிழங்கும் (மரவள்ளி) கொஞ்சம் பூவும் போட்டிருக்கிறேன். மகள் ஆசைப்பட்டாள் என்று பங்குனிக் கடைசியில் இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் கண்ணாடித் தொட்டி வாங்கினேன். எட்டு கோல்டு ஃபிஷ், நான்கு ஏஞ்சல், ஒரு சக்கர் விட்டோம். போர் தண்ணீர்தான், குடத்தில் வெள்ளை படியும். நான்காம் நாள் தண்ணீர் கலங்கியது. கடைக்காரர் சொன்னபடி முழுத் தண்ணீரையும் மாற்றி, ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயில் அலசிப் போட்டேன். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஒரு வாரத்தில் ஒரு கோல்டு ஃபிஷும் சக்கரும்தான் மிச்சம். ஏற்காட்டில் என் மச்சான் வீட்டில் இதே அளவுத் தொட்டியில் ஆறு கோல்டு ஃபிஷ் ஆறு மாதமாக நன்றாக இருக்கின்றன. ஏக்கருக்கு இத்தனை குச்சி என்பது போல, இந்தத் தொட்டிக்கு இத்தனை மீன் என்று ஒரு கணக்குச் சொல்லுங்கள்.

பதில்: குச்சிக்கிழங்கை மூன்றடிக்கு மூன்றடி நட்டால் ஏக்கருக்கு 4840 குச்சி. யார் நட்டாலும் அதுதான். மீனுக்கு அப்படி ஒரே எண் கிடையாது, ஆனால் உங்கள் தொட்டிக்கு என்று ஒரு எண் சொல்ல முடியும். அதற்கு முன், உங்கள் மீன்கள் இடம் போதாமல் சாகவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். அவை போட்ட கழிவிலேயே மூச்சுமுட்டிச் செத்தன.

மீனின் செவுளிலிருந்தும் எச்சத்திலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா வருகிறது. அதை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. நைட்ரேட் அவ்வளவு கெடுதல் இல்லை. வாரா வாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போய்விடும். இந்த பாக்டீரியாக்கள் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். உங்கள் தொட்டிக்கு வயது நான்கு நாள். பதின்மூன்று உருப்படி சாணி போடுகிறது, அள்ள ஆள் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

இதில் உங்கள் தண்ணீருக்கும் பங்கு உண்டு. வெள்ளை படியும் போர் தண்ணீர் பெரும்பாலும் காரப் பக்கமே இருக்கும். பிஎச் என்கிற அமில-கார அளவு 7லிருந்து 8க்கு ஏறினால், அதே அம்மோனியாவில் நஞ்சாக நிற்கும் பங்கு ஏறத்தாழ பத்து மடங்கு ஆகும். போதாததற்கு, ஆழத்திலிருந்து ஏறி வரும் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, கரியமில வாயு அதிகம். நேராகக் குழாயிலிருந்து பிடித்து ஊற்றினால் ஏற்கெனவே திணறும் மீனுக்கு அது இன்னோர் அடி. ஒரு ராத்திரி வாளியில் வைத்து, ஏர் பம்ப்பின் குழாயை அதில் போட்டுக் குமிழி விட்ட பிறகு ஊற்றுங்கள். காவிரித் தண்ணீர் வருகிற வீடாக இருந்தாலும் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைக்கத்தான் வேண்டும். ஸ்பாஞ்சை அலசியதற்காக வருந்தாதீர்கள், நான்கு நாளில் அதில் பெரிதாக எதுவும் குடியேறியிருக்காது. ஆனால் இனிமேல் குழாயடிக்குக் கொண்டுபோகக் கூடாது. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே இரண்டு முறை பிழிந்துவிட்டால் போதும்.

இனி கணக்கு. உங்கள் தொட்டி விளிம்புவரை நிரப்பினால் 56 லிட்டர். மேலே இரண்டு அங்குலம் விட்டு, அடியில் கல் போட்டால் நிற்பது நாற்பது சொச்சம். நாலு லிட்டருக்கு ஓர் அங்குல மீன் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. அதன்படி பத்து அங்குலம். சின்ன, ஒல்லியான மீன்களுக்கு அது சரி. மற்றவற்றுக்கு ஏமாற்றிவிடும், ஏனென்றால் நீளம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்காகும். ஓரங்குல மீன் பத்தும் பத்தங்குல மீன் ஒன்றும் நீளத்தில்தான் சமம். உடம்பில் பின்னது நூறு மடங்கு. தீனியும் கழிவும் உடம்புக்கு ஏற்றபடிதானே. கடையில் இருக்கும் நீளத்தையும் பார்க்காதீர்கள். இரண்டங்குலத்தில் வாங்கும் கோல்டு ஃபிஷ் ஆறு, எட்டு அங்குலம் போகும். சக்கர் ஓரடியைத் தாண்டும்.

மச்சான் வீட்டு மீன்களுக்கு வருவோம். மலையில் தண்ணீர் குளிர்ச்சி, அதனால் ஆக்சிஜன் அதிகம் என்பார்கள். பாதிதான் உண்மை. கடல் மட்டத்தில் 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் ஏழரை. ஆனால் ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவு என்பதால் குளிர்ச்சி கொடுத்த லாபத்தில் பெரும்பகுதியை உயரம் தின்றுவிடும். நிஜமான வித்தியாசம் மீனின் உடம்பில் இருக்கிறது. தண்ணீர் பத்து டிகிரி சூடானால் மீனுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் ஏறத்தாழ இரட்டிக்கும், கழிவும் கூடும். மேலே உங்கள் மச்சானின் ஆறு மீன்களும் மெதுவாக வாழ்கின்றன. கீழே அதே ஆறும் பன்னிரண்டு போல மூச்சு வாங்கும். அதிலும் ஆறு மாதம்தான் ஆகிறது, இன்னும் வளரவில்லை. அடுத்த வருடமும் ஆறும் இருந்தால் எனக்கு ஆச்சரியம்தான். அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

அதனால்தான் சேலத்தில் மீன் வைப்பவர்களிடம், மார்கழியில் எத்தனை தாங்கும் என்று பார்க்காமல் சித்திரையில் கரண்ட் இல்லாத ராத்திரியில் எத்தனை தாங்கும் என்று பாருங்கள் என்பேன். இந்தக் கணக்கில் உங்கள் தொட்டிக்கு எட்டு கப்பி. அல்லது ஆறு பிளாட்டி. இரண்டையும் சேர்த்து அல்ல, ஏதாவது ஒன்று. நான் கப்பியையே சொல்வேன். நம் கடினத் தண்ணீர் அதற்குப் பிடிக்கும், பிள்ளைகளுக்கு நிறமும் கிடைக்கும். எட்டும் ஆணாக இருக்கட்டும். பெண் கப்பி மாதத்துக்கு ஒருமுறை இருபது முதல் ஐம்பது குட்டி போடும். பிறகு என் எண் எதற்கும் உதவாது. வால் பெரிதாக, நிறமாக, உடம்பு சின்னதாக இருப்பது ஆண். கோல்டு ஃபிஷ் இந்தத் தொட்டிக்கு வேண்டாம். ஏஞ்சலும் வேண்டாம், அது உயரமாக வளரும் மீன்; ஓரடி உயரம் அதற்குப் போதாது. ஃபைட்டர் ஆசைப்பட்டால் ஒரே ஒரு ஆண், அதோடு வேறு எதுவும் கூடாது.

எட்டையும் ஒரே நாளில் விடாதீர்கள். மூன்று விட்டு ஒரு மாதம் பொறுங்கள், பிறகு மூன்று, பிறகு இரண்டு. காத்திருக்க மனமில்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. மச்சான் தொட்டியில் நோய் எதுவும் இல்லையென்றால் அவருடைய பழைய ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வெட்டி, அந்தத் தொட்டித் தண்ணீரோடு டப்பாவில் போட்டு, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி அன்றைக்கே கொண்டுவந்து உங்கள் ஃபில்டரில் சொருகிவிடுங்கள். பாலுக்கு உறைமோர் விடுவது போலத்தான். காயவிட்டால் உள்ளே இருப்பவை செத்துவிடும்.

தீனி ஒருவேளை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. வாரம் கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள். எடுத்த தண்ணீரைக் கறிவேப்பிலைக்கு ஊற்றலாம். வெயில் காலத்தில் தண்ணீர் மேல் படும்படி ஒரு மின்விசிறி வைத்தால் சூடு இரண்டு டிகிரியாவது இறங்கும். கரண்ட் போனால் சொம்பில் மொண்டு ஓரடி உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுங்கள், பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை.

விவசாயி என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். பூவுக்கு மருந்தடிக்கும் வாளியோ டிரம்மோ எத்தனை முறை கழுவினாலும் மீன் தண்ணீருக்கு ஆகாது. நாம் அடிக்கும் மருந்துகளில் பைரித்ராய்டு வகை, கண்ணுக்குத் தெரியாத அளவிலேயே மீனைக் கொல்லும். கொசுவத்தி, கொசு லிக்விட் இவற்றிலும் அந்த வகைதான், ஏர் பம்ப் அறைக் காற்றைத்தான் இழுத்துத் தொட்டிக்குள் விடுகிறது. மருந்தடித்துவிட்டு வந்த கையைத் தொட்டிக்குள் விடாதீர்கள்.

மிச்சமிருக்கும் இரண்டையும் என்ன செய்வது? சக்கரைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். வாங்க மாட்டேன் என்றாலும் கிணற்றிலோ மூக்கனேரியிலோ விட்டுவிடாதீர்கள். அது நம் ஊர் மீன் அல்ல, ஏரியில் பெருகினால் நாட்டு மீன்களுக்குத்தான் கேடு. கோல்டு ஃபிஷை மச்சானிடம் அனுப்ப நினைப்பீர்கள், அங்கே ஏற்கெனவே அதிகம். தோட்டத்தில் நிழலில் ஐந்நூறு லிட்டர் பிடிக்கும் சிமெண்ட் தொட்டி இருந்தால் அதில் விடுங்கள், மேலே மீன்கொத்திக்கு வலை கட்டி. தொட்டி புதிதாகக் கட்டியது என்றால் மூன்று நான்கு முறை தண்ணீர் நிரப்பி, ஊறவைத்து வடித்த பிறகு.